நாளுக்கு ஒன்று டாம்பா விரிகுடாவில்: பி-26 விமானத்தின் பெயர் கெட்ட கதை

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நாட்களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், டாம்பா நகரத்தை ஒட்டிய மெக்டில் ஃபீல்ட் என்ற ராணுவ விமானத்தளத்தில் ஒரு எதுகை வாய்க்கு வாய் புழங்கியது. ‘ஒன் எ டே இன் டாம்பா பே.’ நாளுக்கு ஒன்று, டாம்பா விரிகுடாவில். அதாவது தினம் ஒரு விமானம் கடலில் விழுகிறது என்று அங்கே பயிற்சிக்கு வந்த பையன்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டார்கள். அந்த விமானம் மார்ட்டின் பி-26 மராடர். இரண்டு என்ஜின், ஏழு பேர் கொண்ட குழு, நடுத்தர ரகக் குண்டுவீச்சு விமானம்.

பட்டப்பெயர்களுக்கும் பஞ்சமில்லை. ‘விதவையாக்கி’, ‘பறக்கும் சவப்பெட்டி’, ‘மார்ட்டின் மர்டரர்’. இன்னொன்று கொஞ்சம் கொச்சையானது: ‘பறக்கும் வேசி’. அமெரிக்கச் சட்ட மொழியில், பிழைப்புக்கு வழியில்லாமல் திரிபவர்களைக் ‘கண்ணுக்குத் தெரிந்த ஆதாரம் இல்லாதவர்’ என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. இந்த விமானத்தின் இறக்கை உடம்போடு ஒப்பிட்டால் அவ்வளவு சின்னது. பருத்த உடம்பைத் தாங்க ஆதாரம் எங்கே என்று கேட்டுச் சிப்பாய்கள் வைத்த பெயர் அது. கொச்சையாக இருந்தாலும் கோளாறு எங்கே என்று சரியாகவே தொட்டிருக்கிறார்கள்.

சரி, உண்மையிலேயே நாளுக்கு ஒன்று விழுந்ததா? இல்லை. 1942 ஆகஸ்டிலிருந்து 1943 அக்டோபர் வரையிலான 14 மாதங்களில் டாம்பா விரிகுடா நீரில் இறங்கிய மராடர்கள் 13. தரையில் நொறுங்கியவை தனிக் கணக்கு. மாதத்துக்கு ஒன்றுகூட முழுசாக வரவில்லை. ஆனால் ‘மாதத்துக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக’ என்று சொன்னால் எதுகை வராதே.

அதற்காக, பயம் வெறும் வதந்தி என்று சொல்லிவிடவும் முடியாது. விபத்துகள் நடந்தன, ஆட்கள் செத்தார்கள். இதில் விமானத்தின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இரண்டு விஷயங்கள் புரிய வேண்டும். ஒன்று இறக்கைச் சுமை. இன்னொன்று, இரண்டு என்ஜினில் ஒன்று நின்றுபோனால் நடப்பது. இரண்டுமே பள்ளிக்கூட இயற்பியலுக்குள் அடங்கிவிடுபவைதான்.

அவசரத்தில் பிறந்த விமானம்

முதலில் இது எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1939-இல் அமெரிக்க ராணுவ விமானப்படை, வேகமாகப் பறக்கும் இரட்டை என்ஜின் குண்டுவீச்சு விமானம் வேண்டும் என்று நிறுவனங்களிடம் திட்டம் கேட்டது. ஐரோப்பாவில் போர் மூளப்போவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பால்டிமோரில் இருந்த கிளென் எல். மார்ட்டின் நிறுவனத்தில் பெய்ட்டன் மக்ரூடர் என்ற இளம் பொறியாளரின் தலைமையில் ஒரு வடிவம் தயாரானது. அது காகிதத்தில் இருக்கும்போதே, 1939 செப்டம்பரில், 201 விமானங்களுக்கு ஆர்டர் வந்துவிட்டது. மாதிரி விமானம் என்று ஒன்றைச் செய்து, ஓட்டிப் பார்த்து, குறை கண்டு, திருத்தி, அப்புறம் பட்டறையில் ஏற்றும் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள். 1940 நவம்பர் 25 அன்று முதலில் வானேறிய மராடரே விற்பனைக்குத் தயாரான முதல் விமானம்தான்.

வீடு கட்டுகிறவர்களுக்கு இது புரியும். வரைபடத்தில் சரியாக இருக்கும் மாடிப்படி, ஏறிப் பார்க்கும்போதுதான் தலை இடிக்கும். இங்கே ஏறிப் பார்த்தவர்கள் பயிற்சி விமானிகள்.

படை கேட்டதில் வேகம்தான் முக்கியம். எதிரியின் சண்டை விமானம் துரத்திப் பிடிக்க முடியாத அளவுக்கு ஓட வேண்டும். அதற்கு மக்ரூடரின் குழு, அன்றைக்கு இருந்ததிலேயே பலமான என்ஜின்களில் ஒன்றை எடுத்துக்கொண்டது: பிராட் அண்ட் விட்னி ஆர்-2800. 18 சிலிண்டர், ஒவ்வொரு என்ஜினும் 1,850 குதிரைத்திறன். உடம்பைச் சுருட்டு மாதிரி வழவழப்பாக உருட்டினார்கள். இறக்கையைச் சின்னதாக வைத்தார்கள். பெரிய இறக்கை காற்றில் இழுபடும், வேகத்தைத் தின்னும். ஆகவே சின்ன இறக்கை என்பது கைப்பிசகு இல்லை, தெரிந்தே செய்துகொண்ட பேரம்.

இறக்கைச் சுமை என்றால்

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை வெளியே நீட்டாதவர்கள் இருக்க மாட்டார்கள். (கண்டக்டர் திட்டுவார், திட்டுவதும் நியாயம்தான்.) உள்ளங்கையை லேசாக மேல்நோக்கிச் சாய்த்தால் காற்று கையைத் தூக்கும். பஸ் மெதுவாகப் போனால் தூக்குவது தெரியாது. நாற்கரச் சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் கை எகிறும். இறக்கை வேலை செய்வதும் இதே மாதிரிதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகிறது.

இப்போது விமானத்தின் மொத்த எடையை இறக்கையின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சதுர அடி இறக்கையும் எவ்வளவு எடையைச் சுமக்க வேண்டும் என்று கிடைக்கும். இதுதான் இறக்கைச் சுமை.

நமக்குப் பழக்கமான டகோட்டாவை, அதாவது டிசி-3 விமானத்தை எடுத்துக்கொள்வோம். எடை 25,200 பவுண்டு, இறக்கை 987 சதுர அடி. வகுத்தால் சதுர அடிக்கு 25 பவுண்டு சொச்சம். நான்கு என்ஜின் கொண்ட பி-17 குண்டுவீச்சு விமானம், 54,000 பவுண்டு, 1,420 சதுர அடி: 38. ஆரம்பகால மராடர் முழுச் சுமையில் சுமார் 32,000 பவுண்டு, இறக்கை வெறும் 602 சதுர அடி: 53. டகோட்டாவில் ஒரு சதுர அடி தூக்கும் சுமையைப் போல இரண்டு மடங்கை இங்கே ஒரு சதுர அடி தூக்க வேண்டும்.

சுமை இரண்டு மடங்கு என்றால் அதைத் தாங்க வேகம் எவ்வளவு கூட வேண்டும்? தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், இரண்டின் வர்க்கமூலம், ஏறக்குறைய 1.4 மடங்கு. மற்றதெல்லாம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், டகோட்டா மணிக்கு 70 மைலில் காற்றில் தாங்கி நிற்குமானால் மராடருக்கு 100 மைலாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் இறக்கை காற்றைப் பிடிக்காது, விமானம் கல் மாதிரி இறங்கும். விமானிகள் இதை ‘ஸ்டால்’ என்பார்கள். விளிம்பிலேயே யாரும் பறக்க மாட்டார்கள், மேலே கொஞ்சம் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே மராடரை ஓடுபாதைக்குக் கொண்டுவரும் கடைசிக் கட்டத்தில் மணிக்கு 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர் வேகம் வைத்திருக்கச் சொன்னது கையேடு.

அதுவரை ஓட்டிய பயிற்சி விமானத்தில் இதைவிட எத்தனையோ மெதுவாக இறங்கிப் பழகிய 21 வயதுப் பையனின் இடத்தில் இருந்து பாருங்கள். ஓடுபாதை கண்ணெதிரே பாய்ந்து வருகிறது. கை தானாக த்ராட்டிலைப் பின்னுக்கு இழுக்கும். ‘இவ்வளவு வேகம் எதற்கு, கொஞ்சம் குறைப்போம்’ என்று தோன்றும். மற்ற விமானங்களில் உயிரைக் காத்த அந்தப் பழக்கம் இங்கே உயிரை எடுத்தது.

ஆனாலும் இதை விமானத்தின் ஊனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று நாம் தூங்கிக்கொண்டே பயணம் செய்யும் போயிங் 737-800 விமானத்தின் இறக்கைச் சுமை, முழு எடையில் சதுர அடிக்கு 130 பவுண்டு. மராடரைவிட இரண்டரை மடங்கு. இறங்கும் வேகமும் அதைவிடக் குறைவில்லை. நீளமான ஓடுபாதையும் இறக்கையில் விரியும் மடிப்புகளும் இருக்கின்றன, விமானிகளும் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். அதனால் நமக்கு அது உறைப்பதில்லை. மராடர் தன் காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்துவிட்ட வண்டி.

ஒரு மாடு படுத்துவிட்டால்

இரண்டாவது விஷயம் இதைவிட ஆபத்தானது. இரட்டை மாட்டு வண்டி வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று இடது பக்கத்து மாடு கால் மடங்கிப் படுத்துவிடுகிறது. வலது மாடு இன்னும் இழுக்கிறது. வண்டி நேரே போகுமா? படுத்த மாட்டைச் சுற்றி இடப்பக்கம் திரும்பும். வேகம் அதிகமென்றால் குடை சாயும்.

இறக்கைக்கு ஒன்றாக இரண்டு என்ஜின் வைத்த விமானத்திலும் இதேதான். இடது என்ஜின் நின்றால் வலது என்ஜின் மூக்கை இடப்பக்கம் தள்ளும். அதைச் சமாளிக்க விமானி காலால் மிதித்து, வாலில் உள்ள சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்புவார். இங்கேதான் சூட்சுமம். சுக்கானும் காற்றை வைத்துத்தான் வேலை செய்கிறது. வேகம் குறையக் குறைய அதன் பிடி தளரும். என்ஜின் தள்ளும் பலமோ குறைவதில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே சுக்கானை முழுசாக மிதித்தாலும் போதாது. விமானம் நின்ற என்ஜின் பக்கம் திரும்பி, அந்த இறக்கை தாழ்ந்து, மல்லாக்கப் புரளும். தரையிலிருந்து சில நூறு அடி உயரத்தில் இது நடந்தால் நிமிர்த்த இடமே இல்லை.

மராடரின் என்ஜின் ஒவ்வொன்றும் பலசாலி என்பதால் தள்ளும் விசையும் அதிகம். ஓடுபாதையை விட்டு எழும்பிய முதல் சில நொடிகளில் வேகம் இன்னும் சேர்ந்திருக்காது. அந்த நொடிகளில் ஒரு என்ஜின் கைவிட்டால், விமானி யோசிக்காமல் சில காரியங்களைச் செய்தாக வேண்டும். மூக்கைத் தாழ்த்தி வேகம் சேர்க்க வேண்டும், சக்கரத்தை உள்ளிழுக்க வேண்டும், நின்ற என்ஜினின் புரொப்பல்லர் தகடுகளைக் காற்றின் திசைக்கே திருப்பிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் செய்யாவிட்டால் சும்மா சுழலும் புரொப்பல்லர் காற்றில் பிடித்த பிரேக் மாதிரி இழுக்கும். தரைக்கு மிக அருகில் இருக்கும்போது மூக்கைத் தாழ்த்து என்றால் எந்த மனசும் கேட்காது. பழகியிருந்தால்தான் கை தானாகச் செய்யும்.

சரி, என்ஜின் ஏன் அத்தனை தடவை கைவிட்டது? இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் பெரிய பெரிய குற்றச்சாட்டுகளுக்கு நடுவே ஒரு சாதாரண பேட்டரி ஒளிந்திருக்கிறது.

மராடரின் புரொப்பல்லர் ‘கர்ட்டிஸ் எலெக்ட்ரிக்’ வகை. நான்கு தகடுகள். தகடுகள் எந்தக் கோணத்தில் காற்றை வெட்ட வேண்டும் என்பதை நடுக்குமிழுக்குள் இருக்கும் ஒரு சின்ன மின்மோட்டார் மாற்றிக்கொண்டே இருக்கும். சைக்கிளில் கியர் மாற்றுவதைப் போல. அந்த மோட்டாருக்கு விமானத்தின் மின்சாரம் வேண்டும். தரையில் பராமரிப்பு செய்தவர்களும் புதுசு. வெளியிலிருந்து மின்சாரம் தரும் தள்ளுவண்டியை இணைக்காமல் விமானத்தின் சொந்த பேட்டரியிலேயே இதையும் அதையும் சோதித்துப் பார்த்துவிடுவார்கள். பேட்டரி பாதி செத்த நிலையில் விமானி புறப்படுவார். முழுச் சக்தியோடு ஓடுபாதையில் பாயும்போது, கோணத்தைப் பிடித்து வைக்கும் மோட்டாருக்கு மின்சாரம் போதாது. தகடுகள் தட்டையாகத் திரும்பிவிடும். பிறகு புரொப்பல்லர் காற்றைத் தள்ளாது, வெறுமனே கட்டுப்பாடில்லாமல் சுழலும். என்ஜின் பெருங்குரலில் அலறும், இழுவை மட்டும் இருக்காது. அப்புறம் நடப்பது மேலே சொன்ன மாட்டுவண்டிக் கதைதான்.

எரிபொருளும் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டது. போர்க்காலத்தில் பெட்ரோலில் அரோமாட்டிக் சேர்மங்கள் கூடுதலாகக் கலந்த வகை வந்தபோது, அது கார்புரேட்டருக்குள் இருந்த மெல்லிய சவ்வைக் கெடுத்தது. சவ்வு கெட்டால் என்ஜினுக்கு எரிபொருள் ஒழுங்காகப் போகாது. மூக்குச் சக்கரம் உடைந்த கதை இன்னும் வேடிக்கை. ஆரம்ப விமானங்கள் சில துப்பாக்கிகள் பொருத்தப்படாமலே தொழிற்சாலையிலிருந்து கிளம்பின. எடை சமநிலைக்காகக் கருவிகளையும் உதிரிப் பாகங்களையும் உள்ளே வைத்து அனுப்பினார்கள். தளத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்தவர்கள் வேலைக்கு வேண்டுமென்று அந்தச் சாமான்களை எடுத்துவிட்டார்கள். விமானம் மூக்குப் பக்கம் கனத்தது, முன்சக்கரத்தின் தாங்குகால் முறிந்தது. வாங்கிய பொருளின் அட்டைப் பெட்டியில் ‘இதை எடுக்காதீர்கள்’ என்று யாராவது எழுதி வைத்திருக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஓட்டியவர்கள். 1941-இல் முதன்முதலில் மராடர் வாங்கிய 22-வது குண்டுவீச்சுப் பிரிவில் அனுபவஸ்தர்கள் இருந்தார்கள். அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போய், 1942 ஏப்ரலில் பசிபிக்கில் ஜப்பானியர் கையில் இருந்த ரபவுல் தளத்தின் மீதான தாக்குதல்களில் இறங்கிவிட்டார்கள். ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய பிறகு படை ஊதிப் பெருத்தபோது நிலைமை வேறு. இரண்டு என்ஜின் விமானத்தையே தொட்டிராத பையன்கள் நேராக மராடருக்கு வந்தார்கள். கற்றுக்கொடுத்தவர்களில் பலரும் சமீபத்தில் கற்றுக்கொண்டவர்கள்.

இந்தக் கதையைப் படிக்கும்போது நம் ஊர்க்காரர்களுக்கு மிக்-21 ஞாபகம் வராமல் இருக்காது. அதையும் ‘பறக்கும் சவப்பெட்டி’ என்றுதான் சொன்னோம். அதுவும் வேகமாக இறங்கும் விமானம். 2008-இல் ஹாக் பயிற்சி விமானம் வரும்வரை, மெதுவான பயிற்சி ஜெட்டிலிருந்து இளம் விமானிகள் இதற்குத் தாவ வேண்டியிருந்தது என்பது விமானப்படைக்குள்ளேயே வெகுநாள் பேசப்பட்ட குறை.

விசாரணையும் வித்தையும்

விபத்துச் செய்திகள் குவிந்ததும் தயாரிப்பையே நிறுத்திவிடலாமா என்ற பேச்சு ஒரு முறையல்ல, பல முறை எழுந்தது. போர்ச் செலவுகளை ஆராய அமெரிக்க செனட் அமைத்த குழுவுக்குத் தலைவர் ஹாரி ட்ரூமன், பின்னாளில் ஜனாதிபதியானவர். கிளென் மார்ட்டினைக் கூப்பிட்டு இறக்கை சின்னதாக இருக்கிறதே, ஏன் மாற்றவில்லை என்று கேட்டார். வேலை ரொம்ப தூரம் போய்விட்டது, ஒப்பந்தமும் கையில் இருக்கிறது என்ற மாதிரி பதில் வந்ததாம். அப்படியானால் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம் என்றதும், இறக்கையை மாற்றிவிடுகிறோம் என்று மார்ட்டின் இறங்கி வந்தாராம். இப்படி ஒரு கதை வழங்குகிறது. எப்படியோ, இறக்கை நீண்டது. 65 அடியாக இருந்தது 71 அடியானது. பரப்பு 602-இலிருந்து 658 சதுர அடியானது.

இத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். இறக்கை வளர்ந்த அதே சமயத்தில் கவசத் தகடு கூடியது, துப்பாக்கிகள் கூடின. போர் முடியும் தருவாயில் வந்த மராடரின் எடை சுமார் 37,000 பவுண்டு. 658-ஆல் வகுத்துப் பாருங்கள். 56. பழைய விமானத்தில் 53! சம்பளம் ஏறியதும் வாடகையும் ஏறிய கதைதான். இறக்கைச் சுமை குறையவே இல்லை, கொஞ்சம் கூடத்தான் செய்திருக்கிறது. ஆனால் விபத்துகள் குறைந்தன. அப்படியானால் குறைத்தது இறக்கையல்ல, வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோவில் ஜிம்மி டூலிட்டிலுக்குப் பங்கு உண்டு. 1942 ஏப்ரலில் டோக்கியோ மீது குண்டு வீசிய படையை நடத்தியவர். அந்தச் சாகசத்துக்கு முதலில் மராடரையும் பரிசீலித்து, கப்பலின் தளத்திலிருந்து எழும்ப இது சரிப்படாது என்று பி-25-ஐத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. விமானப்படைத் தலைவர் ஹாப் ஆர்னால்ட், மராடரில் என்ன கோளாறு என்று பார்க்க அவரை அனுப்பினார். டூலிட்டில் விமானத்தின் மீது பழி போடவில்லை, பயிற்சியில்தான் ஓட்டை என்றார். ஒரு என்ஜினை நிறுத்திவிட்டு ஓட்டிக் காட்டினார். ‘நின்ற என்ஜின் பக்கம் மட்டும் திரும்பாதே, செத்தாய்’ என்று விமானிகளிடையே ஒரு வேதவாக்கு இருந்தது. அதே பக்கம் திரும்பிக் காட்டினார்.

அவர் கூட இருந்த வின்சென்ட் பர்னெட் என்ற வித்தைக்கார விமானி தளம் தளமாகப் போனார். பயிற்சிப் பையன்களைத் திரட்டி நிற்கவைத்து, அவர்கள் கண்ணெதிரில் ஒற்றை என்ஜினில் ஓட்டி, மிக மெதுவாகப் பறந்து, ஏடாகூடமான நிலைகளிலிருந்து மீண்டு காட்டினார். பயிற்சிமுறை மாறியது. பேட்டரியை எப்படிக் காப்பது, கார்புரேட்டரில் எதை மாற்றுவது, எடையை எப்படிப் பங்கிடுவது என்று மெக்கானிக்குகளுக்கும் சொல்லிக்கொடுக்கப்பட்டது. 1943-இல் கான்ஸஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியில், ‘வாஸ்ப்’ என்ற பெண் விமானிகள் படையைச் சேர்ந்தவர்களுக்கு மராடர் ஓட்டப் பயிற்சி தந்தார்கள். துப்பாக்கிப் பயிற்சிக்காக நீளத் துணிக்குழாயை வானில் இழுத்துச் செல்லும் வேலை அவர்களுக்கு. பெண்களே ஓட்டுகிறார்களே என்று ஆண்களுக்கு ரோஷம் வரட்டும் என்ற கணக்கும் இதில் இருந்ததாகச் சொல்வார்கள். இருந்திருக்கும்.

போர்க்களத்தில்

1942 ஜூன் 4, மிட்வே தீவு. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களை நோக்கி நான்கு மராடர்கள் வயிற்றுக்கடியில் டார்பிடோவைக் கட்டிக்கொண்டு போயின. குண்டு போடக் கட்டிய விமானம் டார்பிடோ வீசப் போனது. ஒன்றுகூட இலக்கில் படவில்லை. இரண்டு விழுந்தன, இரண்டு சல்லடையாகத் திரும்பின. அதில் ஒன்றை ஓட்டிய ஜேம்ஸ் மியூரி, டார்பிடோவை விட்டதும் தப்பிக்க வழி தெரியாமல் ‘அகாகி’ கப்பலின் மேல்தளத்துக்கு நேர் மேலே, நீளவாக்கில் பறந்து போனார். கப்பலின் துப்பாக்கிகள் எல்லாம் வெளிப்பக்கம் பார்த்து இருக்கும், நடுவில் போனால் சுட முடியாது என்ற யோசனை.

ஐரோப்பாவில் ஆரம்பம் படுமோசம். மிகத் தாழ்வாகப் பறந்து தாக்குவதுதான் திட்டம். 1943 மே 17 அன்று நெதர்லாந்தின் எய்மௌடன் மின்நிலையம் முதலான இலக்குகளுக்கு 322-வது பிரிவின் 11 மராடர்கள் கிளம்பின. ஒன்று கோளாறினால் பாதி வழியில் திரும்பியது. மீதிப் பத்தில் ஒன்றுகூட வீடு திரும்பவில்லை. கெட்ட பெயருக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் இங்கேயும் கோளாறு விமானத்தில் இல்லை, உயரத்தில் இருந்தது. மராடர்களை 10,000 அடிக்கு மேலே ஏற்றி, கூட்டமாக, சண்டை விமானங்களின் துணையோடு அனுப்ப ஆரம்பித்ததும் கதை தலைகீழானது. பாலம், ரயில் நிலையம், விமானத்தளம் என்று குறி வைத்து அடித்தன. 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் தரையிறங்கிய அன்று, ‘யூட்டா’ என்று பெயரிட்டிருந்த கடற்கரையில் மேகத்துக்குக் கீழே இறங்கி வந்து குண்டு போட்டவை மராடர்கள். போர் முடிந்து கணக்குப் பார்த்தபோது, ஐரோப்பாவில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களிலேயே மிகக் குறைந்த இழப்பு விகிதம் மராடருக்குத்தான். 200 முறை போனால் ஒன்று திரும்பாது, அதற்கும் குறைவு.

விபத்துக் கணக்கையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம். எத்தனை விழுந்தது என்பதை மட்டும் எண்ணினால் பிரயோஜனமில்லை, எவ்வளவு நேரம் பறந்ததில் என்றும் கேட்க வேண்டும். 1942 முதல் 1945 வரை அமெரிக்காவுக்குள் ஒரு லட்சம் பறக்கும் மணிக்கு நடந்த விபத்துகள் பி-17-க்கு 30, பி-25-க்கு 33, மராடருக்கு 55. இந்த இரண்டு குண்டுவீச்சு விமானங்களையும்விட அதிகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே பட்டியலில் பி-39 சண்டை விமானத்துக்கு 245. அதை யாரும் விதவையாக்கி என்று நாடறியப் பேசவில்லை. சண்டை விமானம் விழுந்தால் ஒருவர். மராடர் விழுந்தால் ஏழு வீட்டுக்குத் தந்தி. அதுவும் ஊருக்கு எதிரே, எல்லோர் கண்ணுக்கும் தெரியும் விரிகுடாவில். கூடவே ஒரு எதுகையும் அமைந்துவிட்டது.

போர் முடிந்ததும், 5,200-க்கு மேல் செய்யப்பட்ட இந்த விமானத்தை ஏறக்குறைய முழுசாக உடைத்துப் போட்டார்கள். தப்பியவற்றில் ‘ஃப்ளாக்-பெய்ட்’ என்ற ஒன்று வாஷிங்டனை அடுத்த ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃப்ளாக் என்றால் விமான எதிர்ப்புப் பீரங்கிக் குண்டு, பெய்ட் என்றால் தூண்டில் இரை. 200-க்கு மேல் தாக்குதல்களுக்குப் போய் வந்தது. உடம்பில் ஆயிரத்துக்கு மேல் ஓட்டை விழுந்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். மூக்கின் ஓரத்தில், போய்வந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு குண்டுப் படம் வரிசை வரிசையாக வரைந்திருக்கும். எதிரியை ஏமாற்றத் திசை திருப்பும் பயணங்களுக்குக் குண்டுக்குப் பதில் வாத்து.

ஒரு எச்சரிக்கை. 1948-இல் பி-26 என்ற எண்ணையே டக்ளஸ் நிறுவனத்தின் இன்வேடர் என்ற வேறொரு விமானத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் கொரியா, வியட்நாம் போர்ப் படங்களில் ‘பி-26’ என்று போட்டிருந்தால் அது நாம் பேசிய விமானம் இல்லை. சந்தேகம் வந்தால் புரொப்பல்லரின் தகடுகளை எண்ணிப் பாருங்கள். நான்கு இருந்தால் மராடர், மூன்று இருந்தால் இன்வேடர்.